மந்திரம் யார் கையில, வேலை யார் தலையில

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: ஏற்காட்டை வச்சு ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிட்டு இருக்கீங்க, அதுல மலைச்சாமி வருது, குகை வருது, காபி எஸ்டேட் வருது, எஸ்டேட் ஜனங்க ஒண்ணா சேர்ந்து வேலையை நிறுத்தற மாதிரி கொஞ்சம் அத்தியாயம் எழுதினதும் படிச்ச நண்பர்கள் எல்லாம் 'இது மாயாஜாலக் கதை, இதுல கூலி, சங்கம், ஸ்ட்ரைக் எல்லாம் எதுக்கு, ஜனங்க அதையெல்லாம் மறக்கத்தானே இந்த மாதிரி கதை படிக்கிறாங்க'ன்னு சொல்லிட்டாங்க, அது சரியான்னு தெரியணும். சரியில்லைன்னுதான் நான் சொல்வேன். ஆனா அவங்க ஏன் அப்படி நினைக்கிறாங்கன்னும் எனக்குப் புரியுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற கதைங்களை எடுத்துக்கலாம். பாற்கடலைக் கடைஞ்ச கதை சின்னப் பிள்ளையில இருந்து கேட்டிருப்பீங்க. மந்தர மலை மத்து, வாசுகி பாம்பு கயிறு, வால்பக்கம் தேவர்கள், விஷ மூச்சு அடிக்கிற தலைப்பக்கம் அசுரர்கள். ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் இழுத்தாங்க, ஆனா அமிர்தம் வந்ததும் பரிமாறினது ஒரு பந்திக்கு மட்டும், வரிசை மாறி உக்காந்து ஒரு வாய் குடிச்சவனுக்கு கழுத்து போச்சு. இதை யாராவது பிரச்சாரக் கதைன்னு சொல்றாங்களா? உழைச்சவன் ஒருத்தன், பங்கு வாங்கினவன் இன்னொருத்தன்ங்கறது கதைக்கு நடுவுலயே இருக்கு, நாம அதை அந்தக் கண்ணோட பாக்கறதில்ல, அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு முக்கியமா படறது பிட்டுக்கு மண் சுமந்த கதை. திருவிளையாடல் புராணத்துல மண் சுமந்த படலம்னே தனியா வரும். வைகையில வெள்ளம், கரை உடைஞ்சிடுச்சு, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் போடணும்னு பாண்டியன் உத்தரவு. கேக்கறதுக்கு எல்லாருக்கும் ஒரே சட்டம் மாதிரி இருக்கு. ஆனா நாலு ஆம்பளைங்க இருக்கற வீட்டுக்கும், பிட்டு வித்து ஒத்தையா பொழைக்கிற வந்திக் கிழவிக்கும் ஒரே அளவு கரையைப் பங்கு போட்டுக் குடுத்தா அது எப்படி சமம் ஆகும்? அப்பதான் சிவன் கூலி ஆளா வர்றார், உதிர்ந்த பிட்டுதான் கூலி, வேலையும் ஒழுங்கா செய்யல, ராஜா பிரம்பால ஒரு அடி போடறான், அந்த அடி ராஜா முதுகு உள்பட அங்க இருந்த அத்தனை பேர் முதுகுலயும் விழுது. ஒரு கூலிக்காரன் மேல விழற அடி எல்லார் உடம்புலயும் வலிக்கணும்ங்கற ஒரு ஆசை இருக்கே, அதை இவ்வளவு நேரடியா காட்டற வேற காட்சி எந்த மொழி ஃபேன்டஸியிலயும் நான் படிச்சதில்ல. அதே சமயம் ஒண்ணைக் கவனிங்க, அடி வாங்கினவர் சிவனா இருந்ததாலதான் எல்லாருக்கும் வலிச்சுது. அன்னிக்கு அதே கரையில மண் சுமந்த மத்தவங்க மேல பிரம்பு பட்டிருந்தா அது அவனவன் முதுகோட போயிருக்கும்.

மாயாஜாலக் கதைகளோட பலமும் பலவீனமும் சேர்ந்து இருக்கறது இந்த இடத்துலதான். ஏற்றத்தாழ்வை அதுங்க நல்லாவே காட்டும். ஆனா அதைத் தீர்க்கற இடத்துக்கு வந்ததும் பெரும்பாலான கதை ஒரு ஆளை மேல இருந்து இறக்கிடும். காட்டுல சுத்தற நாடோடி கடைசியில பார்த்தா ராஜ வம்சம், மாடிப்படிக்கு கீழ தூங்கற பையன் பார்த்தா ஏற்கனவே ஜோசியத்துல குறிக்கப்பட்டவன். இது வெள்ளைக்காரன் கதையில மட்டும் இல்ல. மதுரைவீரன் சக்கிலியர் வீட்டுல வளர்ந்தவன்னு சொல்ற அதே கதைப்பாட்டு, பிறப்பால அவன் காசி ராஜா பிள்ளைன்னும் சொல்லுது. இந்த மாதிரி உயர்ந்த பிறப்பெல்லாம் பின்னாடி ஒட்டவச்சதுன்னு நாட்டார் கதைகளை ஆராய்ஞ்ச நா. வானமாமலை மாதிரி ஆட்கள் எழுதியிருக்காங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது, ஏன்னா அந்த ஒட்டு இல்லாம சாதாரண ஆளோட வீரத்தை ஏத்துக்க கேக்கறவங்க சில பேருக்கு மனசு வரல.

நம்ம சேலத்துலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போவீங்கல்ல, அந்த சினிமா ஸ்டுடியோவுல இருந்து 1956ல வந்ததுதான் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழ்ல முதல் முழு நீள கலர் படம். படத்தை விடுங்க, அதுக்கு மூலமான அரபுக் கதையை யோசிச்சுப் பாருங்க. அலிபாபா விறகுவெட்டி, அண்ணன் பணக்காரன். ஆனா கதையில மூளை யாருக்கு? அடிமைப் பொண்ணு மார்ஜியானாவுக்கு. கதவுல போட்ட அடையாளத்தை எல்லா வீட்டுக் கதவுலயும் போட்டுக் குழப்பறது அவ, ஜாடிக்குள்ள திருடன் இருக்கான்னு கண்டுபிடிக்கிறது அவ, தலைவனைக் கடைசியில குத்தறதும் அவ. அவளுக்குக் கிடைச்சது விடுதலையும் ஒரு கல்யாணமும். குகைக்குள்ள இருந்த பொன்னும் பட்டும் யார்கிட்ட இருந்து கொள்ளையடிச்சதுன்னு யாரும் கேக்கறதில்ல, அது ஒரு வீட்டுக்கு மட்டும் பரம்பரைச் சொத்து ஆயிடுது. ஊர்ல இருக்கற மத்த விறகுவெட்டிங்க மறுநாளும் விறகுதான் வெட்டியிருப்பாங்க, மத்த அடிமைங்களும் அடிமைங்களாவே இருந்திருப்பாங்க. ஏழைங்க பக்கம் நிக்கற மாதிரி தெரியற கதைதான், ஆனா விடுதலை ஒருத்தருக்கு, சொத்து ஒரு குடும்பத்துக்கு, அதுக்கு மேல அது நகரவே இல்ல.

உங்க நண்பர்கள் பழகினது இந்த வகையைத்தான்னு நினைக்கிறேன், அதனாலதான் சங்கம்னு வந்ததும் வேற கதைக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு அவங்களுக்கு. ஆனா இன்னொரு வகையும் ரொம்ப நாளா இருக்கு. அதுல மந்திரம்ங்கறது பிறப்பால வர்ற வரம் கிடையாது, ஒரு வேலை. யாரோ செய்யணும், யாரோ அதுல லாபம் பாக்கறாங்க, செய்யறவங்க கையை எடுத்துட்டா நின்னுடும். இந்த ஒரு மாற்றம் வந்துட்டா ஸ்ட்ரைக் கதைக்கு வெளிய இருந்து வர வேண்டியதே இல்ல, கதைக்குள்ள இருந்தே தானா வந்துடும்.

ஆர்.எஃப். குவாங் 2022ல எழுதின பேபல் நாவல் உங்களுக்கு ரொம்பப் பொருந்தும், அதுலயும் சேலத்துக்காரர் படிச்சா அது வேற மாதிரி இறங்கும். 1830கள்ல நடக்கற கதை, இங்கிலாந்து முழுக்க வெள்ளிக் கட்டியில ஓடுது. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வெள்ளிக் கட்டியில மந்திரம் ஏத்தினாதான் வண்டி வேகமா போகும், பாலம் நிக்கும், மில் ஓடும். அந்த மொழி தெரிஞ்ச பசங்களை கான்டன்ல இருந்தும் கல்கத்தாவுல இருந்தும் ஹைத்தியில இருந்தும் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டு வர்றாங்க. வெள்ளி வெளிநாட்டுல இருந்து, அறிவும் வெளிநாட்டுல இருந்து, லாபம் மட்டும் லண்டன்ல. கடைசியில அந்தப் பசங்க கோபுரத்தைப் பிடிச்சுகிட்டு பராமரிப்பு வேலையை நிறுத்திடறாங்க. வாள் தூக்கல, டிராகன் வரல, வேலையை நிறுத்தினாங்க, அதுலயே ஊர்ல ஒண்ணொண்ணா பழுதாகி வெஸ்ட்மின்ஸ்டர் பாலமே இடிஞ்சு விழுது.

இப்ப செவ்வாய்பேட்டை பக்கம், சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளை நினைச்சுக்கங்க. உருக்கறது ஒரு இடம், கம்பி இழுக்கறது ஒரு இடம், கோக்கறதும் பத்தவைக்கிறதும் சலங்கை வைக்கிறதும் வேற வேற வீடு, மெருகு வேற இடம். வெள்ளி முதலாளியோடது, எடை போட்டு வாங்கி எடை போட்டுத் திருப்பிக் குடுக்கணும், வீட்டுல இருக்கற பொம்பளைங்க ராத்திரி வரைக்கும் உக்காந்து செய்யற வேலைக்குக் கூலி. அந்தக் கொலுசு வடநாட்டுக் கடையில மின்னும்போது இந்தக் கை எதுவும் அதுல தெரியாது. பேபல் படிக்கும்போது வெள்ளின்னு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் எனக்கு இதுதான் மனசுல ஓடுச்சு. இன்னொரு விஷயம், அந்த நாவல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்கு துணைக்கு வர்றது யாருன்னா, வெள்ளியில ஓடற தறியால வேலை போன நெசவாளிங்க. தெருவை மறிச்சு தடுப்பு கட்டத் தெரிஞ்சது அவங்களுக்குத்தான், படிச்ச பசங்களுக்கு இல்ல. இதுக்கு முன்னாடி அந்தப் பசங்களே நெசவாளிங்க போராட்டத்தை எரிச்சலா தாண்டிப் போனவங்கதான். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நடுவுல நம்ம அம்மாபேட்டை, குகை ஏரியா பக்கம் எத்தனை குடும்பம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்ச நமக்கு இதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

சைனா மியேவில்ங்கற ஆங்கில எழுத்தாளர் 2000ல எழுதின பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்லயும் இப்படி ஒரு காட்சி வருது. தண்ணியை கையால உருவம் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு இனம், துறைமுகத்துல சுமை வேலை செய்யறவங்க. ஸ்ட்ரைக்னு வந்ததும் ஆத்துக்குக் குறுக்கால தண்ணியை விலக்கி ஒரு பள்ளம் மாதிரி நிறுத்திடறாங்க, ஒரு படகும் தாண்ட முடியாது. தினமும் கூலிக்குச் செய்யற அதே வித்தை, அன்னிக்கு மட்டும் முதலாளிக்காக இல்ல. மனுஷத் தொழிலாளிங்களும் கூட வந்து நிக்கறாங்க. அரசாங்கம் அடிச்சு நொறுக்கிடுது. அந்தத் தோல்வியை அவர் மறைக்காம எழுதியிருக்கார், அதுக்காகவே அந்தப் பகுதியை நீங்க படிக்கணும்.

ஏன்னா விலை இல்லாத போராட்டத்தை எழுதினா அது பொய்யாயிடும். நம்ம சேலம் மத்திய சிறையில 1950 பிப்ரவரி 11ந் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டுல 22 கைதிங்க செத்தாங்க, கம்யூனிஸ்ட் இயக்கத்துல இருந்து உள்ள போனவங்க. அந்த ஜெயில் வழியா நாம டெய்லி பஸ்ல போறோம். ஒரு நாவல்ல ஜனங்க சேர்ந்து கோஷம் போட்டதும் வில்லன் ஓடிப்போயிட்டான்னு எழுதினா, இந்த மாதிரி செத்தவங்களுக்கு அது நியாயம் இல்ல.

ஹாரி பாட்டர்ல வர்ற வீட்டு எல்ஃப், அதாவது மந்திரவாதிங்க வீட்டுல அடிமை வேலை செய்யற சின்ன ஜீவன்கள் விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இதை எல்லாரும் படிச்சிருப்பாங்க. நாலாவது புத்தகத்துல ஹெர்மாயினி, சம்பளம் இல்லாம உழைக்கிற எல்ஃபுங்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிக்கிறா. நல்ல மனசுதான். ஆனா அந்தச் சங்கத்துல ஒரு எல்ஃப் கூட உறுப்பினர் கிடையாது. அடுத்த புத்தகத்துல அவளே தொப்பி பின்னி குப்பைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறா, தெரியாம எடுத்தா விடுதலை ஆயிடுவாங்கன்னு. எல்ஃபுங்க கோவிச்சுகிட்டு அந்த ரூமை சுத்தம் பண்ணவே வர மாட்டேன்னுடறாங்க, டாபி மட்டும்தான் வருது. அந்த நாவல்கள்லயே நிஜமான வேலை நிறுத்தம்னா அந்த எல்ஃபுங்க செஞ்சதுதான், ஆனா கதை அதை அப்படிப் பாக்கல. உங்க கதையில டவுன்ல இருந்து படிச்ச ஒருத்தர் மலைக்கு வந்து ஜனங்களைத் தட்டி எழுப்பற மாதிரி எதுவும் இருந்தா, இதை ஒரு தடவை நினைச்சுக்கங்க.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதின டோல்கீன் பக்கம் வந்தா, அவரை ராஜாவைப் பாடினவர்னு ஒதுக்கிடறவங்க இருக்காங்க, நான் அப்படி நினைக்கல. மோதிரத்தை அழிச்சதுக்கு அப்புறம் கதையோட நாயகர்களான நாலு ஹாபிட்டும் (குள்ளமான ஒரு இனம்) ஊர் திரும்பறாங்க, அங்க ஊரே அடியாளுங்க பிடியில இருக்கு, ஒவ்வொரு இடத்துலயும் சட்டம் எழுதின பலகை, விளைஞ்சதை 'பங்கு போடறோம்'னு சொல்லி அள்ளிட்டுப் போறாங்க, திரும்பக் குடுக்கறதில்ல. ஜனங்களுக்கு கோவம் இல்லாம இல்ல. ஆனா நான் மட்டும் வெளிய வந்து மத்தவங்க வரலன்னா என்ன ஆகறதுன்னு ஒவ்வொருத்தரும் வீட்டுக்குள்ள இருக்காங்க. கொம்பு ஊதி, தெருவுல நெருப்பு மூட்டினதும்தான் பக்கத்து வீட்டுக்காரனும் வந்துட்டான்னு கண்ணால பாக்கறாங்க, அதுக்கு அப்புறம் மொத்த ஊரும் நிக்குது. சண்டையில 19 ஹாபிட் சாகறாங்க. படமா எடுத்தப்ப இந்தப் பகுதியையே விட்டுட்டாங்க, எனக்கு இன்னிக்கும் அது வருத்தம்தான். அதே கதையில எதிரிப் பக்கம் ஓர்க்ங்கற அரக்க இனத்துச் சிப்பாய்ங்க ரெண்டு பேர் பேசிக்கிற ஒரு இடம் வரும், இந்தப் போர் முடிஞ்சா பெரிய முதலாளிங்க யாரும் இல்லாத இடமா பார்த்து நாம தனியா போயிடலாம்னு. அவங்களும் யாரோட போருக்கோ அடிபடற கூலிங்கதான்னு அந்த ரெண்டு வரியில தெரியுது, அதுக்கு அப்புறம் அவங்களை யாரும் மனுஷனா பாக்கறதில்ல.

அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் எர்சுலா லெ க்வின் 2014ல ஒரு விருது மேடையில பேசினதும் இதோட சேரும். முதலாளித்துவத்துல வாழறோம், அதோட பிடியில இருந்து தப்பவே முடியாதுன்னு தோணுது, ராஜாக்களோட தெய்வீக உரிமையும் ஒரு காலத்துல அப்படித்தான் தோணுச்சுன்னாங்க. அவங்க 1973ல எழுதின ஒரு சிறுகதையில ஒரு நகரமே சந்தோஷமா இருக்கு, அதுக்கு விலையா ஒரு குழந்தை மட்டும் இருட்டறையில கிடக்கணும், தெரிஞ்சதும் சில பேர் ஊரை விட்டு நடந்து போயிடறாங்க. என்.கே. ஜெமிசின் அதுக்குப் பதிலாவே ஒரு கதை எழுதினாங்க, போகாம இருந்து சண்டை போடறவங்களைப் பத்தி. ஜெமிசினோட பெரிய மூணு நாவல்ல பூகம்பத்தை அடக்கத் தெரிஞ்ச ஜனங்களை அடிமையா வச்சுதான் நாடே நிக்குது, அந்த மூணுக்கும் 2016, 2017, 2018னு வரிசையா அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் குடுக்கற ஹியூகோ விருது கிடைச்சுது. இதுல எல்லாம் வாசகர்கள் ஓடிப்போகல, தேடிப்போய் படிச்சாங்க. உங்க நண்பர்கள்கிட்ட இதைச் சொல்லுங்க.

இப்ப உங்க நாவலுக்கு வர்றேன். மலையை காலியா ஆரம்பிக்காதீங்க. நிறைய ஃபேன்டஸியில ஹீரோ போய் சேர்ற மலை யாருக்கும் சொந்தமில்லாம இருக்கும். சேர்வராயன் மலை அப்படி இருந்ததில்ல. 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மலையாளிங்கற பழங்குடி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல) அங்க சாமை, ராகி போட்டு இருந்தாங்க. காஞ்சிபுரம் பக்கம் இருந்து வந்த அண்ணன் தம்பிங்க வழி வந்தவங்கன்னு அவங்களுக்கே ஒரு கதை இருக்கு. உச்சியில சேர்வராயன் குகைக் கோயில், பக்கத்துலயே காவேரியம்மன், மே மாசத் திருவிழா. உங்க மலைச்சாமிக்கு வேற எங்கயும் போய் மூலம் தேட வேண்டாம். எஸ்டேட் வந்தப்ப அந்தச் சாமிக்கும் அந்த ஜனங்களுக்கும் காட்டு மேல இருந்த பாத்தியதை என்ன ஆச்சுன்னு ஒரு அத்தியாயம் இருந்தா மீதி எல்லாத்துக்கும் அஸ்திவாரம் கிடைச்சுடும். மலை அடிவாரத்துல வெள்ளைக்கல் வெட்டின சுரங்கம் இருக்கு, மேல பாக்ஸைட் வெட்டினாங்க, மலையோட உடம்பையே அள்ளிட்டுப் போறது இங்க கற்பனை கிடையாது.

அப்புறம் அந்த வேலை நிறுத்தம். அதை எப்ப வைக்கிறீங்கங்கறது ரொம்ப முக்கியம். காபிப் பழம் சிவந்து பறிக்கிற பருவத்துல வைங்க. பறிக்காம விட்டா உதிர்ந்து போகும், பறிச்சதை அன்னிக்கே தோல் உரிக்காம போட்டா புளிச்சுப் போகும். அந்தக் கொஞ்ச வாரம்தான் பறிக்கிற கைக்கு பலம், மத்த மாசத்துல களை எடுக்கறதை நிறுத்தினா முதலாளி காத்திருந்துடுவார். உங்க மந்திரத்துக்கும் இதே மாதிரி ஒரு பருவம் வைங்க, எப்ப வேணா செய்ய முடியற மந்திரத்துல போராட்டத்துக்கு பிடியே கிடைக்காது. ஜனங்களை ஒரே கும்பலா காட்டாதீங்க. எஸ்டேட் குடுக்கற லைன் வீட்டுல இருக்கறவங்களுக்கு வேலை போனா வீடும் போகும், கிராமத்துல சொந்தக் குடிசை இருக்கறவங்களுக்கு அந்த பயம் இல்ல. கங்காணிகிட்ட முன்பணம் வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான். எடைக்குக் கூலின்னா வேகமா பறிக்கிறவளுக்கு நிறுத்தறதுல நஷ்டம் அதிகம். கீழ இருந்து டெம்போவுல வேற ஆளை ஏத்திட்டு வந்தா அவங்களும் நம்மள மாதிரி இல்லாதவங்கதான், அவங்களை அடிக்கிறதா, பேசறதா? இந்தச் சண்டை எல்லாம் உள்ளயே நடக்கணும். மலைச்சாமி வந்து எல்லாரையும் ஒரே மனசாக்கிட்டார்னு மட்டும் எழுதிடாதீங்க, அங்கதான் கதை செத்துப் போகும். சாமி வரட்டும், ஆனா பக்கத்து வீட்டுக்காரி வருவாளா மாட்டாளாங்கற பயத்தை சாமியாலயும் தீர்க்க முடியாம இருக்கட்டும்.

கடன் கணக்கையும் விட்டுடாதீங்க. டெர்ரி ப்ராட்செட் ஒரு நாவல்ல ஒரு காவல்காரன் பூட்ஸை வச்சு இதைச் சொல்வார், 50 டாலர் பூட்ஸ் பத்து வருஷம் உழைக்கும், 10 டாலர் பூட்ஸ் ஒண்ணு ரெண்டு சீசன்ல கிழியும், அதனால இல்லாதவன் பத்து வருஷத்துல 100 டாலர் செலவு பண்ணியும் கால் நனைஞ்சபடியே இருப்பான். நம்ம பக்கம் தண்டல், வாரவட்டி எல்லாம் இதே கணக்குதான். உங்க ஆளுங்க எத்தனை நாள் வேலைக்குப் போகாம தாங்குவாங்கன்னு இந்தக் கணக்கு போட்டுத்தான் முடிவு பண்ணணும், வீரத்தை வச்சு இல்ல. இருபதாவது நாள் மளிகைக் கடையில கடன் நிறுத்தினப்ப என்ன ஆகுது, யார் வீட்டு அரிசி யார் வீட்டுக்குப் போகுது, முதல்ல வேலைக்குத் திரும்பினவங்களை மத்தவங்க எப்படிப் பாத்தாங்க, அந்த அத்தியாயத்தை முதல்ல எழுதுங்க. அதை எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க, முழுசா படிச்சிட்டு சொல்றேன்.